சர்வேயர் டிராயிங் புள்ளியாகத் தெரிகிறதா? ஆட்டோகேடில் அளவைச் சரிசெய்யும் வழி

போன மாதம் ஒத்தக்கடைப் பக்கம் மாமா வாங்கிய மனைக்கு வீட்டு பிளான் போட உட்கார்ந்தேன். 30க்கு 40 மனை. பிளானை வழக்கம்போல ஆட்டோகேட் என்ற வரைபட மென்பொருளில், மில்லிமீட்டரில் வரைந்து வைத்திருந்தேன். சர்வேயர் அனுப்பிய டிராயிங்கைத் திறந்து, காப்பி செய்து, என் பிளானுக்குள் ஒட்டினால் எதையுமே காணோம். மூன்று தடவை ஒட்டினேன். அப்புறம் ஜூம் செய்துகொண்டே போனால், வாசற்படி ஓரத்தில் தூசி மாதிரி மூன்று மனைகள் கிடக்கின்றன.

விஷயம் இதுதான். சர்வேயர் மீட்டரில் வரைந்திருக்கிறார். 30 அடி என்பது 9.144 மீட்டர், அவர் கோட்டின் நீளம் 9.144. என் பிளானில் அதே 30 அடி 9144. ஆட்டோகேடுக்கு மீட்டரும் தெரியாது, அடியும் தெரியாது, வெறும் எண்தான் தெரியும். 9144க்குப் பக்கத்தில் 9 எப்படித் தெரியும்?

நான் சறுக்கிய இடத்தை முதலில் சொல்லிவிடுகிறேன், அங்கேதான் முக்கால் மணி நேரம் போனது. யூனிட்ஸ் கமாண்ட் கொடுத்தால் ஒரு சின்னப் பெட்டி திறக்கும், அதில் இன்சர்ஷன் ஸ்கேல் என்று ஒரு இடத்தில் மில்லிமீட்டர், மீட்டர், இன்ச் எல்லாம் வரிசையாக இருக்கும். அதை மாற்றினால் டிராயிங்கும் மாறிவிடும் என்று நினைத்து மாற்றினேன், ஓகே கொடுத்தேன், ஒரு கோடு கூட அசையவில்லை. திரும்ப மாற்றினேன், மூடித் திறந்தேன், ஊஹும். அது டப்பாமேல் ஒட்டும் சீட்டு. சீட்டில் 'சர்க்கரை' என்று எழுதினால் உள்ளே இருக்கும் உப்பு இனிக்குமா? அந்த இடம் சொல்வதெல்லாம், இந்த ஃபைலை இன்னொன்றுக்குள் செருகும்போது எந்த அளவாக எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது மட்டுமே. எங்கள் சர்வேயர் ஃபைலில் உள்ளே மீட்டர், சீட்டில் மில்லிமீட்டர். மெட்ரிக் டெம்ப்ளேட்டில் தொடங்கினால் அது தானாகவே மில்லிமீட்டர் என்று நிற்கும், பலர் அதைத் தொடுவதே இல்லை.

ஆகவே சீட்டை நம்பாமல், முதல் வேலையாக அளந்து பாருங்கள். டிஸ்ட் கமாண்ட் போதும். உங்களுக்கு அளவு தெரிந்த ஒரு பொருளை எடுங்கள். வீட்டு பிளான் என்றால் நான் எப்போதும் ஒன்பது இன்ச் சுவரைத்தான் பிடிப்பேன். 9 என்று வந்தால் இன்ச், 0.75 என்று வந்தால் அடி, 230 பக்கம் வந்தால் மில்லிமீட்டர், 23 வந்தால் சென்டிமீட்டர், 0.23 வந்தால் மீட்டர். மனை டிராயிங்கில் சுவர் இருக்காது, பத்திரத்தில் உள்ள ஒரு பக்கத்தை அளந்துகொள்ளுங்கள்.

அடுத்து எல்லா லேயரிலும் (கோடுகளைப் பிரித்து வைக்கும் அடுக்கு) பூட்டி வைக்கும் லாக், மறைத்து வைக்கும் ஃப்ரீஸ் இரண்டையும் எடுத்துவிடுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

இப்போது பெருக்கல். ஸ்கேல் கமாண்ட், எல்லாவற்றையும் தேர்ந்தெடுங்கள், பேஸ் பாயிண்டாக (பெருக்கும்போது நகராமல் நிற்கும் புள்ளி) மனையின் ஒரு மூலைக்கல்லைத் தொடுங்கள், எண்ணைக் கொடுங்கள். மீட்டரிலிருந்து மில்லிமீட்டருக்கு 1000, இன்ச்சிலிருந்து 25.4, அடியிலிருந்து 304.8. இந்த 25.4 தோராயம் இல்லை, 1959லிருந்து ஒரு இன்ச் என்பதே சரியாக 25.4 மில்லிமீட்டர்தான், தைரியமாகப் போடலாம். முடிந்ததும் அதே சுவரை, அதே பக்கத்தை மறுபடி அளங்கள். சரியாக வந்த பிறகு யூனிட்ஸ் போய்ச் சீட்டில் மில்லிமீட்டர் என்று வையுங்கள், சேவ் செய்யுங்கள். இந்த வரிசை முக்கியம். சீட்டை முன்னாடியே மீட்டர் என்று மாற்றிவிட்டு இன்னொரு ஃபைலில் செருகினால் அதுவாகவே ஒருமுறை பெருக்கும், நீங்கள் கையால் இன்னொருமுறை பெருக்குவீர்கள், மனை மேலூர் வரைக்கும் போய்விடும்.

கழித்தல் குறி முன்னால் போட்டு -DWGUNITS என்று ஒரு கமாண்ட் இருக்கிறது, இடைவெளி இல்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும். அது வரைந்ததையும் சேர்த்து மாற்றட்டுமா என்று கேட்டு மாற்றித் தரும். நல்லதுதான், ஆனால் ஃபைலில் ஏற்கெனவே உள்ள சீட்டை நம்பித்தான் கணக்குப் போடும். சீட்டே தப்பு என்றால் அதன் விடையும் தப்பு. நான் ஸ்கேலோடு நின்றுவிட்டேன்.

செராக்ஸ், ஸ்கேன், எஃப்எம்பி படம் (அரசு நில அளவைப் புத்தகத்தில் உள்ள புலப்படம்) என்று வந்தால் எந்த எண்ணால் பெருக்குவது என்றே தெரியாது. அங்கே ஸ்கேலுக்குள் இருக்கும் ரெஃபரன்ஸ் தான் கை கொடுக்கும். படத்தை அட்டாச் செய்துவிட்டு, அளவு எழுதியிருக்கும் கோடுகளில் நீளமானதைத் தேடுங்கள். ஸ்கேல் கொடுத்து, படத்தைத் தேர்ந்து, கோட்டின் ஒரு முனையை பேஸ் பாயிண்டாகத் தொட்டு, ஆர் அடியுங்கள். அதே முனை, பிறகு மறுமுனை என்று இரண்டையும் தொடுங்கள், உண்மையான நீளத்தை அடியுங்கள், அவ்வளவுதான். சின்னக் கோட்டை எடுத்தால் கை ஒரு நூல் நழுவினாலும் மனை முழுக்க அந்தப் பிழை பெருகும். குறுக்கே போகும் இன்னொரு கோட்டையும் கட்டாயம் அளந்து பாருங்கள். போனில் சாய்வாக எடுத்த படம் என்றால் ஒரு பக்கம் சரியாகவும் மறுபக்கம் இழுத்தும் இருக்கும், அதை ஸ்கேல் காப்பாற்றாது, ஸ்கேனருக்குப் போங்கள்.

பிடிஎஃப் வந்தால் 2017 பதிப்பிலிருந்து இம்போர்ட் வசதி உண்டு, கோடுகளாகவே இறங்கும். ஸ்கேன் செய்த பிடிஎஃப் என்றால் படமாகத்தான் வரும், மேலே சொன்ன வழியே.

பழைய எஃப்எம்பியில் எண்கள் மீட்டரில் இல்லாமல் லிங்கில் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள். 66 அடிச் சங்கிலியில் நூறில் ஒரு பங்கு, 0.66 அடி, அதாவது 201.168 மில்லிமீட்டர். வெள்ளைக்காரன் கணக்கு கிறுக்குத்தனமாகத் தெரியும், ஆனால் 1000 சதுர லிங்க் சரியாக ஒரு சென்ட். நாம் இன்றைக்கும் சென்ட் கணக்கில் நிலம் பேசுவது அந்தச் சங்கிலியால்தான்.

மென்பொருள் பற்றிக் கேட்பீர்கள். காசில்லாமல் பழக லிப்ரேகேட் என்ற இலவச மென்பொருள் போதும், அதில் பெருக்க வேண்டிய எண்ணைக் கால்குலேட்டரில் போட்டுக்கொள்ளுங்கள், வேண்டிய நீளத்தை இப்போதுள்ள நீளத்தால் வகுத்தால் வருவதுதான் அது. ஆனால் ஆட்டோகேடின் சொந்த வடிவமான டிடபிள்யூஜி ஃபைல்களோடு தினமும் மல்லுக்கட்டுகிறவர்கள் ஆட்டோகேடிலேயே இருங்கள், மற்ற மென்பொருள்களுக்கான டிஎக்ஸ்எஃப் வடிவத்துக்கு மாற்றி மாற்றி எழுத்துருவும் ஹேட்சும் (இடத்தை நிரப்பும் கோட்டு வடிவம்) போய்விடுகின்றன.

பின்சேர்க்கை: கருத்தில் ஒருவர், டிஸ்ட் 9144 காட்டுகிறது, டைமென்ஷனில் மட்டும் 9.144 வருகிறது, எது நிஜம் என்று கேட்டிருந்தார். டிஸ்ட்தான் நிஜம். டைமென்ஷன் ஸ்டைலில் பிரைமரி யூனிட்ஸ் பக்கத்தில் ஸ்கேல் ஃபேக்டர் என்று ஒரு கட்டம் உண்டு, அதில் யாரோ 0.001 போட்டு வைத்திருப்பார்கள், 1 ஆக்குங்கள். எண்ணையே கையால் அடித்து வைத்திருந்தால் எதுவும் மாறாது, அழித்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். எழுத்து பொடிசாகி மறைந்துபோனால் அதே ஸ்டைலில் ஓவரால் ஸ்கேலை ஏற்றுங்கள்.

இன்னொன்று: ஒரு தம்பி மில்லிமீட்டர் டிராயிங்கில் பரப்பு எடுத்திருக்கிறார், 111483648 வந்திருக்கிறது. 304.8ஆல் வகுத்து 365760 சதுர அடி என்று எழுதிவிட்டார், எட்டு ஏக்கருக்கு மேல்! நீளத்துக்கு 304.8 என்றால் பரப்புக்கு அதை இரண்டு முறை வகுக்க வேண்டும், அதாவது 92903.04. விடை 1200 சதுர அடி. ஒரு சென்ட் 435.6 சதுர அடி, ஆக இரண்டே முக்கால் சென்ட். மாமா மனையும் அதே அளவுதான், அவரிடம் சொன்னபோது எட்டு ஏக்கரையே வைத்துக்கொள்ளலாமே என்றார்.

டிஜிபிஎஸ் (செயற்கைக்கோள் அளவைக் கருவி) தரும் கோஆர்டினேட்டோடு, அதாவது பூமியில் இடத்தைச் சொல்லும் எண்களோடு, வரும் டிராயிங்கை நான் சொன்னபடி பெருக்காதீர்கள். மதுரைப் பக்கம் நார்திங் (வடக்கு நோக்கிய தூரம்) மதிப்பு 11 லட்சம் மீட்டரை ஒட்டி இருக்கும், அதை மில்லிமீட்டராக்கினால் நூறு கோடியைத் தாண்டி ஹேட்ச் எல்லாம் கிழியும். மூலைக்கல்லை பேஸ் பாயிண்டாகப் பிடித்தால் இடம் நகராது, ஆனால் கோஆர்டினேட்டுக்கு அர்த்தம் போய்விடும். அங்கே சர்வே ஃபைலைத் தொடாமல், உங்கள் பிளானை 0.001ஆல் சுருக்கி மீட்டருக்குக் கொண்டுபோங்கள்.

லேயர் விஷயம்: லாக் செய்த, ஃப்ரீஸ் செய்த லேயரில் இருப்பவை ஸ்கேல் ஆகாமல் பழைய அளவிலேயே தங்கிவிடும். எனக்குக் கிணறும் மின்கம்பமும் அப்படித்தான் தங்கிப்போய், இரண்டு நாள் கழித்து ஃப்ரீஸை எடுத்தபோது மூலைக்கல்லுக்குப் பக்கத்தில் புள்ளியாகக் கிடந்தன.