கர்ப்பகால சர்க்கரையில் மைக்ரோ ஆர்என்ஏ: ரத்த மாதிரியைக் கெடாமல் எடுப்பது எப்படி

குடியாத்தத்திலோ அணைக்கட்டிலோ காலையில் எடுத்த ரத்தம் மதியத்துக்கு மேல் வேலூர் ஆய்வகம் வந்து சேர்ந்தால், அந்த மாதிரியை மைக்ரோ ஆர்என்ஏ அளக்கப் பயன்படுத்தாதீர்கள். ரத்தம் எடுத்த 2 மணி நேரத்துக்குள் பிளாஸ்மாவை, அதாவது ரத்தத்தின் மஞ்சள் நிறத் திரவப் பகுதியை, பிரித்தாக வேண்டும். தூரம் அதிகமென்றால் குழாயை வேகமாகச் சுழற்றிப் பிரிக்கும் சென்ட்ரிஃப்யூஜை ரத்தம் எடுக்கும் இடத்துக்கே கொண்டுபோங்கள்.

இவ்வளவு கறார் ஏன்? மைக்ரோ ஆர்என்ஏ சுமார் 22 மரபெழுத்து நீளமுள்ள துணுக்கு. புரதம் செய்யும் குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்என்ஏவில் ஒட்டிக்கொண்டு, புரதம் உருவாவதைக் குறைக்கும். கர்ப்பகால சர்க்கரை ஆய்வுகளில் மிர்-16, மிர்-29ஏ, மிர்-222 என்ற மைக்ரோ ஆர்என்ஏக்கள் அடிக்கடி பேசப்படுகின்றன. ஆனால் ஓர் ஆய்வில் கூடியது இன்னோர் ஆய்வில் குறைகிறது. மாதிரி எடுத்த விதம் இதற்கு ஒரு முக்கியக் காரணம். மிர்-16, மிர்-451ஏ இரண்டும் சிவப்பணுவுக்குள் நிறைந்திருப்பவை. குழாயில் கொஞ்சம் சிவப்பணு உடைந்தாலே அவை பிளாஸ்மாவில் கொட்டிவிடும். அதை நோயின் அடையாளம் என்று எழுதிவிடுவோம்.

24 முதல் 28 வாரத்துக்குள், வெறும் வயிற்றில், குளுக்கோஸ் குடிக்கக் கொடுக்கும் முன்பே எடுங்கள். சாப்பிட்ட பிறகு கொழுப்பு கலங்கி, பின்னால் செய்யும் நிறச் சோதனையைக் குழப்பும். மெட்ஃபார்மினோ இன்சுலினோ தொடங்குவதற்கு முன் எடுப்பது அவசியம். ஒப்பிடுவதற்கான சர்க்கரை இல்லாத தாய்மாரும் அதே வாரத்தில் இருக்க வேண்டும். நஞ்சுக்கொடியிலிருந்து வரும் மைக்ரோ ஆர்என்ஏ வாரத்துக்கு வாரம் ஏறும். ஹீமோகுளோபின் அளவையும் குறித்துக்கொள்ளுங்கள், நம் பக்கத்துத் தாய்மாரிடம் ரத்தசோகை நிறைய.

21 கேஜ் ஊசி, ரத்தம் உறையாமல் காக்கும் ஈடிடிஏ உள்ள ஊதா மூடிக் குழாய், 4 மி.லி. ரத்தம். பச்சை மூடிக் குழாய் வேண்டாம். அதிலுள்ள ஹெபாரின், மைக்ரோ ஆர்என்ஏவைப் பெருக்கி அளக்கும் பிசிஆர் சோதனையைத் தடுக்கும். கையில் கட்டும் பட்டையை ஒரு நிமிடத்துக்குள் அவிழ்த்துவிடுங்கள். சிரிஞ்சில் எடுத்தால் ஊசியைக் கழற்றிவிட்டு, குழாயின் சுவரோரமாக வழியவிடுங்கள். ஊசி வழியே பீய்ச்சினால் சிவப்பணு உடையும். மெதுவாக 8 முதல் 10 முறை கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்கக் கூடாது.

ஆய்வகக் கையேடுகளில் 'அறை வெப்பநிலை' என்றால் 20–25 டிகிரி. கத்திரி வெயிலில் வேலூர் அறை அப்படி இருக்காது. தெர்மாகோல் பெட்டியில் குளிர்கட்டி வைத்து, அதற்கும் குழாய்க்கும் நடுவே மடித்த துண்டு வையுங்கள். உறைந்த கட்டி குழாயில் பட்டாலும் சிவப்பணு உடையும்.

சென்ட்ரிஃப்யூஜில் முதல் சுற்று 1,500 முதல் 2,000 ஜி (புவியீர்ப்பின் அத்தனை மடங்கு விசை), 10 நிமிடம். ரோட்டர் ஆரம் 10 செ.மீ. என்றால் நிமிடத்துக்கு 4,000 சுற்று சுமார் 1,790 ஜி தரும். மேலே நிற்கும் மஞ்சளை மட்டும் உறிஞ்சுங்கள். சிவப்பணுவுக்கு மேல் நிற்கும் வெள்ளைப் படலத்துக்கு மேல் அரை செ.மீ. விட்டுவிடுங்கள், ஆசைப்பட வேண்டாம். இரண்டாம் சுற்று 12,000 ஜி, 4 டிகிரி, 10 நிமிடம்: மிஞ்சிய தட்டணுக்களை இது அகற்றும். இதைத் தவிர்த்து உறையவைத்தால் தட்டணு வெடித்து, அதிலுள்ள மைக்ரோ ஆர்என்ஏவும் கலந்துவிடும். 200 மைக்ரோ லிட்டராகப் பிரித்து, மைனஸ் 80 டிகிரியில் வையுங்கள். ஒருமுறை உருகியதை மறுபடி உறையவைக்காதீர்கள்.

பிளாஸ்மாவை வெள்ளைத் தாள் முன் பிடித்துப் பாருங்கள். வைக்கோல் நிறம் நல்லது, இளஞ்சிவப்பு ஆகாது. கண்ணுக்குத் தெரியாத உடைசலும் உண்டு. 414 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சல் 0.2ஐத் தாண்டினால் ஒதுக்குங்கள். பிசிஆர் முடிந்ததும், சிவப்பணு உடைந்தாலும் அதிகம் மாறாத மிர்-23ஏ-3பியின் சிக்யூ எண்ணிலிருந்து (எத்தனையாவது பிசிஆர் சுழற்சியில் அது தெரிந்தது என்ற எண்) மிர்-451ஏயின் எண்ணைக் கழியுங்கள். 5க்குக் கீழ் என்றால் நிம்மதி; 7க்கு மேல் என்றால் அந்த மாதிரி கெட்டது.

ஆர்என்ஏ பிரிக்கும்போது அளவு சரிபார்க்க வெளியிலிருந்து சேர்க்கும் செல்-மிர்-39 என்ற புழுவின் மைக்ரோ ஆர்என்ஏவை, நொதிகளைச் செயலிழக்கச் செய்யும் லைசிஸ் கரைசல் ஊற்றிய பிறகே போடுங்கள். முன்பே போட்டால் பிளாஸ்மாவின் நொதிகள் அதைத் தின்றுவிடும். மிர்-16ஐ ஒப்பீட்டு அளவுகோலாக வைப்பது பழக்கம், ஆனால் இந்த நோயில் அதுவே மாறுவதாக அறிக்கைகள் உள்ளன. உங்கள் மாதிரிகளிலேயே அளவு ஆடாமல் நிற்கும் இரண்டு மூன்று மைக்ரோ ஆர்என்ஏவைத் தேர்ந்தெடுங்கள்.

மைக்ரோ ஆர்என்ஏ இன்னும் நோய் கண்டறியும் சோதனை ஆகவில்லை. ஒப்புதல் வாங்கும்போதே தாயிடம் இதைத் தெளிவாகச் சொல்லுங்கள். அதனால் வழக்கமான சர்க்கரைச் சோதனையை விடக் கூடாது: ரத்தம் எடுத்தபின் 300 மி.லி. தண்ணீரில் 75 கிராம் குளுக்கோஸ் கொடுங்கள். 30 நிமிடத்துக்குள் வாந்தியெடுத்தால் சோதனையை மறுநாளைக்கு மாற்றுங்கள். 2 மணி நேரம் கழித்து சர்க்கரை 140 மி.கி. அல்லது அதற்கு மேல் இருந்தால், அன்றைக்கே அவரை மருத்துவரிடம் அனுப்புங்கள்.