முந்திரி ஆலையில் தூய்மை விதிகளை வகுப்பது எப்படி?

மார்த்தாண்டம் பகுதியில் அண்டி ஆபீஸ் என்று நாம் அழைக்கும் முந்திரி ஆலையைப் புதிதாகத் தொடங்குவோர், ‘சுத்தம் காக்கவும்’ என்று சுவரில் எழுதிவிட்டால் அது விதியாகிவிடாது. எதை, யார், எப்போது, எப்படிச் செய்ய வேண்டும், அதைச் சரிபார்ப்பவர் யார் என்பதெல்லாம் இருந்தால்தான் அது விதி.

முதலில் கொட்டை வந்திறங்கும் இடம் தொடங்கி வறுத்தல், உடைத்தல், போர்மா என்னும் சூட்டறையில் உலர்த்துதல், தொலி உரித்தல், தரம் பிரித்தல் வரை பருப்பு செல்லும் வழியை ஒரு தாளில் வரையுங்கள். தொலி உரித்த பருப்பைப் பலர் அப்படியே வாயில் போட்டுக்கொள்வார்கள் என்பதால், மிகக் கடுமையான விதிகள் உரிக்கும் அறைக்கே உரியவை.

அடுத்தது கை. ஓட்டில் ஊறும் எண்ணெய் தோலைப் பொசுக்குவதால், உடைப்பவர்கள் சாம்பலோ ஆமணக்கெண்ணெயோ பூசிக்கொள்வதுண்டு. அந்தக் கறுத்த விரல்களோடு அவர்கள் உரிக்கும் அறைக்குள் வரக் கூடாது. அந்தக் கறை வெறும் தண்ணீருக்குப் போகாது. தேங்காயெண்ணெய் தேய்த்துத் துணியால் ஒற்றி எடுத்தபின், நகக்கண்ணும் விரலிடுக்கும் படும்படி சோப்பால் 20 நொடியாவது கழுவ வேண்டும். முந்தானையில் துடைத்தால் கழுவியதெல்லாம் வீண். ஆளுக்கொரு துண்டு கொடுங்கள்.

தரையை வாரம் ஒருமுறையாவது கழுவ வேண்டும், குடிநீர் கழிப்பறையிலிருந்து 6 மீட்டருக்குள் இருக்கக் கூடாது என்று 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் வகுத்தது. உரிக்கும் அறைக்கு வாரம் ஒருமுறை போதாது என்பது என் கருத்து. ஆனால் அங்கே வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றவும் கூடாது. பருப்பின் ஈரப்பதம் 5 சதவீதத்தைத் தாண்டினால் பூசணம் பிடிக்கும். இரு பருவமழையும் பெய்யும் நம் குமரி மாவட்டத்தில் இந்த எச்சரிக்கை இன்னும் அவசியம். ஆகவே தினமும் தொலித்தூளைக் கூட்டி அள்ளி, பிழிந்த துணியால் துடைத்து, தரை காய்ந்தபின் வேலையைத் தொடங்குங்கள்.

எல்லைக்கு அப்பால் கேரளத்தின் பாறசாலையிலிருந்து வருவோரும் படிக்கும்படி, விதிகளைத் தமிழிலும் மலையாளத்திலும் எழுதுங்கள்.

வயிற்றுப்போக்கோ வாந்தியோ உள்ளவர், அது நின்று 48 மணி நேரம் ஆகும்வரை பருப்பைத் தொடக் கூடாது என்பதையும் சேருங்கள். அந்த 2 நாள் கூலியைப் பிடித்தால் நோயை மறைத்துக்கொண்டுதான் வேலைக்கு வருவார்கள். எனவே கூலியைக் கொடுத்தே வீட்டில் இருக்கச் சொல்லுங்கள்.