ஊரில் அம்மப்பாவின் செத்தவீடு: பேரப்பிள்ளை என்ன கதைப்பது?

நடுச்சாமத்தில் தொலைபேசி அடிக்கும். முதலில் செய்தி. அப்புறம் டிக்கெட் கதை. மூன்றாவதாக, மாமாவோ சித்தப்பாவோ தொண்டையைச் செருமிக்கொண்டு சொல்வார்: "வெளிநாட்டுப் பேரப்பிள்ளையள் சார்பில நீதான் தம்பி ரெண்டு வார்த்தை கதைக்க வேணும்." அந்த நேரத்தில் யாரும் மாட்டேன் என்று சொல்வதில்லை. விமானத்தில் ஏறி இருந்த பிறகுதான் வயிற்றைக் கலக்கும்.

எனக்கும் அப்படித்தான். அம்மப்பா காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர். பறந்த பத்து மணித்தியாலமும் எழுதி ஏழு பக்கம் சேர்த்திருந்தேன். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், உத்தியோகம், கல்யாணம், பிள்ளைகள் என்று வரிசையாக. மைக்கைப் பிடித்து, "முப்பது வருடங்கள் சீமெந்து ஆலையில் அயராது உழைத்தார்" என்று வாசித்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு வயதானவர் கதிரையை விட்டு எழும்பாமலே சொன்னார்: "தம்பி, அவரும் நானும் 66இல ஒண்டாச் சேர்ந்தனாங்கள். 90இல சண்டையோட பக்டரி பூட்டியாச்சு. முப்பது எப்பிடி வரும்?" அவர் என்னை மட்டம் தட்டச் சொல்லவில்லை, கணக்கைத் திருத்தினார், அவ்வளவுதான். மிச்சப் பக்கங்களை எப்படி வாசித்து முடித்தேன் என்று இன்றைக்கும் நினைவில்லை.

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு முடிந்த பிறகு அவருடைய மேசை லாச்சியைத் துப்புரவாக்கினோம். அதற்குள் ஒரு கொப்பி இருந்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் நான் தொலைபேசி எடுக்கும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, "உங்க இப்ப எவ்வளவு குளிர்?" என்பதுதான். நான் சொன்ன பாகையையெல்லாம் திகதி போட்டு அந்தக் கொப்பியில் எழுதி வைத்திருந்தார். பல வருடத்துக் குளிர். பந்தலில் இருந்த ஒருவருக்கும் அது தெரியாது. நான் கதைத்திருக்க வேண்டியது அந்த ஞாயிற்றுக்கிழமைகளைப் பற்றி. இரண்டு நிமிடம் போதுமாக இருந்திருக்கும்.

ஊர்ச் சனத்துக்கு அவருடைய வரலாறு உங்களைவிட நன்றாகத் தெரியும். அவரோடு தோட்டம் செய்தவர்கள், கோயில் திருவிழாவில் கணக்கு எழுதியவர்கள், வேலிக்காகச் சண்டை பிடித்துப் பிறகு கதைத்தவர்கள் எல்லோரும் அங்கே இருப்பார்கள். சனசமூக நிலையத் தலைவரும் ஓய்வுபெற்ற அதிபரும் எப்படியும் மைக்கைப் பிடிப்பார்கள். சேவை, பண்பு, பெருந்தன்மை எல்லாவற்றையும் அவர்கள் சொல்லிவிடுவார்கள். தொலைபேசியில் கதைத்தவர், விடுமுறைக்கு வந்தபோது படலையடியில் காத்து நின்றவர், ஸ்கைப்பில் நெற்றியை மட்டும் காட்டியவர்: அவரை அறிந்தது நீங்கள் மட்டும்தான். அவரைப் பற்றிக் கதையுங்கள்.

சரி, பழைய காலத்தைப் பற்றி ஒன்றாவது சொல்லாமல் முடியாது என்று நினைத்தால், கேட்டு அறிய ஒரு வழி இருக்கிறது. கட்டுநாயக்க விமான நிலையத்திலிருந்து யாழ்ப்பாணம் ஏறத்தாழ 400 கிலோமீற்றர். வான் வண்டியில் இருக்கும் அந்த நீண்ட நேரத்தில் அவருடைய தங்கச்சியையோ பக்கத்து வீட்டுக்காரரையோ தொலைபேசியில் பிடியுங்கள். அம்மம்மாவை விட்டுவிடுங்கள், அன்றைக்கு அவவிடம் எதுவும் கேட்கக் கூடாது. "எந்த வருடம்?" என்றும் கேட்காதீர்கள். அந்தத் தலைமுறையில் பலருக்கு வருடம் நினைவில் நிற்காது, சம்பவம்தான் நிற்கும். "64ஆம் ஆண்டு மார்கழிச் சூறாவளிக்கு எங்க இருந்தவர்?" என்று கேளுங்கள். தோட்டக்காரராக இருந்தால், வெளியிலிருந்து மிளகாயும் வெங்காயமும் வராமல் விலை ஏறிய, எழுபதுகளின் சிறிமா ஆட்சிக் காலத்தைப் பற்றிக் கேளுங்கள். அந்தக் காசில் கட்டிய கல்வீடாகத்தான் அநேகமாக உங்கள் அம்மா பிறந்து வளர்ந்த வீடு இருக்கும். 81இல் யாழ் நூலகம் எரிந்தபோது என்ன சொன்னார், 87 ஐப்பசியில் இந்தியன் ஆமியோடு சண்டை தொடங்கியபோது யாரை எங்கே ஒளித்தார், யாழ்ப்பாணமே இடம்பெயர்ந்த 95 ஐப்பசி 30ஆம் திகதி இரவு எதைத் தூக்கிக்கொண்டு தென்மராட்சிக்கு நடந்தார் என்று கேளுங்கள். கடைசிக் கேள்விக்குப் பெரும்பாலும் நகை, காணி உறுதி என்ற பதில்தான் வரும். சில நேரம் "ரேடியோ" என்றோ "ஆட்டுக்குட்டி" என்றோ வரும். வந்தால் உங்கள் உரை கிடைத்துவிட்டது. மட்டக்களப்புப் பக்கம் என்றால் 78 கார்த்திகைச் சூறாவளியும் 2004 மார்கழி 26 சுனாமியும் இதே வேலையைச் செய்யும்.

ஒரு எச்சரிக்கை. இந்தச் சம்பவங்களில் சிலவற்றை ஒலிபெருக்கியில் சொல்வது குடும்பத்தில் யாருக்காவது சங்கடமாக இருக்கலாம். யாரை ஒளித்தார் என்பது கேட்டு வைத்திருக்க வேண்டிய கதை. சொல்லலாமா என்பதை ஊரில் இருக்கும் மாமா தீர்மானிக்கட்டும், நீங்கள் திரும்பிப் போய்விடுவீர்கள்.

இனி நேரம். வெளிநாட்டிலிருந்து பிள்ளைகள் வரும்வரை உடல் பழுதாகாமல் எம்பாம் பண்ணி வைத்திருப்பார்கள். வந்து சேர்ந்துவிட்டால் எல்லாம் விறுவிறு என்று நடக்கும். சைவ வீட்டில் கிரியை தொடங்கினால் இடையில் யாரும் நுழைய முடியாது. சுண்ணம் இடிக்கும்போது திருவாசகத்திலிருந்து திருப்பொற்சுண்ணம் பாடுவார்கள், 20 பாட்டு. பேரப்பிள்ளைகள் பந்தம் பிடிக்க வேண்டும், அந்தக் கூட்டத்தில் நீங்களும் இருப்பீர்கள். அதன் பிறகு வாய்க்கரிசி. அஞ்சலி உரைகள் கிரியைக்கு முன்னரா, முடிந்து பிரேதம் எடுக்கும் முன்னரா என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஆகவே முதல்நாள் இரவே இரண்டு பேரிடம் கேட்டு வையுங்கள்: கிரியை செய்ய வரும் ஐயாவிடம் நேரத்தை, உரைகளுக்குத் தலைமை தாங்குபவரிடம் நீங்கள் எத்தனையாவது ஆள் என்பதை. நீங்கள் கடைசி ஆளாக இருந்தால் உங்கள் ஐந்து நிமிடத்தை முன்னால் கதைத்தவர்கள் தின்றிருப்பார்கள். பொழுதுபடுமுன் சுடலைக்குக் கொண்டுபோக வேண்டும் என்று யாராவது மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே நிற்பார்கள். எனவே இரண்டு அளவில் ஆயத்தம் செய்யுங்கள். ஒன்று மூன்று நிமிடத்துக்கு. மற்றது, எல்லாவற்றையும் வெட்டி, நாலே வரி. பறைமேளக்காரருக்கு உரை நேரத்தில் நிறுத்தச் சொல்ல ஒருவரை ஒழுங்கு பண்ணுங்கள், இல்லாவிட்டால் உங்கள் நாலு வரியும் பறையோடு போய்விடும்.

கத்தோலிக்க வீடு என்றால் முறை வேறு. திருப்பலியில் குருவின் மறையுரை புகழுரையாக இருப்பதில்லை. நற்கருணைக்குப் பின்னான மன்றாட்டு முடிந்ததும் குடும்பத்தில் ஒருவர் சில வார்த்தை சொல்ல இடம் உண்டு, ஆனால் பங்குத்தந்தையிடம் முன்கூட்டியே கேட்க வேண்டும். சில இடங்களில் சேமக்காலையில், அதாவது கல்லறைத் தோட்டத்தில், வைத்துச் சொல்லச் சொல்வார்கள். அங்கே பெரும்பாலும் மைக் இருக்காது, குரல்தான்.

எந்தத் தமிழில் கதைப்பது என்று பல பிள்ளைகள் பயப்படுகிறார்கள். அம்மாவிடம் கொடுத்துச் செந்தமிழில் எழுதுவித்து, ஆங்கில எழுத்தில் மாற்றி, மனப்பாடம் செய்து, "அன்னார் தம் இன்னுயிர் நீத்தமை" என்று திக்குகிறார்கள். வேண்டாம். வீட்டில் எப்படிக் கதைக்கிறீர்களோ அப்படியே கதையுங்கள். உங்கள் தமிழில் நோர்வேயும் ஸ்காபரோவும் மணக்கும், மணக்கட்டும். ழகரம் வராவிட்டால் யாரும் அன்றைக்கு நோட்டம் பார்க்க மாட்டார்கள். மரியாதை மட்டும் தவறக் கூடாது: "அவர்", "இருந்தவர்", "சொன்னவர்". "செத்துப் போனார்" என்று மைக்கில் சொல்லாதீர்கள். வீட்டுக்குள் "மோசம் போயிட்டார்" என்பார்கள், மேடையில் "காலமாகிட்டார்" போதும். எழுத்துத் தமிழ் வாசிக்க வராவிட்டால் ஆங்கில எழுத்தில் எழுதி வைப்பதில் வெட்கம் ஒன்றுமில்லை. பெரிய எழுத்தில், ஒரு வரிக்கு ஒரு மூச்சு என்ற கணக்கில் எழுதுங்கள். கைத்தொலைபேசியில் பார்த்து வாசிக்காதீர்கள். வெயிலில் திரை தெரியாது, நடுவில் யாராவது அழைப்பும் எடுப்பார்கள்.

முதல் வரி என்ன? நீங்கள் எழும்பி நின்றதும் பந்தல் முழுக்க ஒரே கேள்விதான் ஓடும்: "இது யாற்ற பெடியன்?" அதற்குப் பதில் சொல்லித் தொடங்குங்கள். "நான் அவற்ற மூத்த மகளின்ர இரண்டாவது மகன். கனடாவில இருந்து வந்திருக்கிறன். அம்மப்பாவோட நான் ஒரே வீட்டில இருந்தது எல்லாமாச் சேர்த்து நாலு மாசம்தான். ஆனா ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவர் எனக்கு..." இப்படிப் போனால் சனம் காது கொடுக்கும். நாலு மாதம்தான் என்று நீங்களே ஒப்புக்கொண்டுவிட்டால், உங்களிடம் யாரும் முழு வரலாற்றை எதிர்பார்க்க மாட்டார்கள். என்னை அன்றைக்கு அந்தப் பெரியவரிடமிருந்து இதுதான் காப்பாற்றியிருக்கும்.

நடுவில் கட்டாயம் ஒருவரைச் சொல்ல வேண்டும்: கடைசிக் காலத்தில் அவரைக் குளிக்க வார்த்தவர், குளிசை எடுத்துக் கொடுத்தவர், இரவில் எழுப்பினால் எழும்பியவர். அது சின்ன மாமியாக இருக்கலாம், சம்பளத்துக்கு வந்த அக்காவாக இருக்கலாம். உறவு முறை சொல்லி, அவர் என்ன செய்தார் என்று சொல்லி நன்றி சொல்லுங்கள். வெளிநாட்டிலிருந்து யார் எவ்வளவு அனுப்பினார்கள் என்ற கதை வாயில் வரவே கூடாது. காசு அனுப்பியவர்களுக்கும் பீங்கான் கழுவியவர்களுக்கும் இடையில் ஏற்கெனவே ஒரு புகைச்சல் இருக்கும், உங்கள் ஒரு வசனம் அதை ஊதிவிடும். காணி, வழக்கு, கதைக்காமல் விட்ட தம்பி, இயக்க அரசியல் எதுவும் வேண்டாம். பகிடி? சொல்லலாம். அம்மப்பா சுருட்டை எங்கே ஒளித்து வைப்பார் என்பது அம்மம்மா முன்னால் சொல்லக்கூடிய பகிடிதான். அவவே சிரிப்பா. எது பொருந்தும் என்று சந்தேகமாக இருந்தால், முதல்நாள் இரவு ஒரு பெரியம்மாவுக்கு முழுவதையும் வாசித்துக் காட்டுங்கள். முறை பிழைத்த இடத்தையும் பெயர் விடுபட்ட இடத்தையும் அவ உடனே பிடிப்பா.

அழுகை வரும். பந்தம் பிடித்து, அம்மா கதறுவதைப் பார்த்துவிட்டு மைக்குக்கு வந்தால் தொண்டை அடைக்காமல் என்ன செய்யும்? தாளின் இன்னொரு பிரதியோடு ஒரு மச்சானைப் பக்கத்தில் நிறுத்துங்கள். முடியாவிட்டால் அவர் தொடரட்டும். நிறுத்தி, தண்ணீர் குடித்து, மூச்சு விட்டுத் தொடங்கினாலும் ஒன்றும் ஆகாது. அந்த இடைவெளி உங்களுக்குத்தான் நீளமாகத் தெரியும். முடிக்கும்போது விழா மேடைப் பாணியில் "நன்றி, வணக்கம்" வேண்டாம், கைதட்டும் இடமும் இல்லை. பெட்டியின் பக்கம் திரும்பி ஒருமுறை கும்பிட்டுவிட்டு வந்து இருந்துவிடுங்கள். அதுபோல, செத்தவீட்டிலிருந்து புறப்படும்போது "போயிட்டு வாறன்" என்று சொல்வதில்லை. நாங்கள் எல்லோரும் ஒருமுறையாவது வாய் தவறிச் சொல்லி வாங்கிக் கட்டியவர்கள்தான்.

டிக்கெட் கிடைக்காமலோ விசா வராமலோ போய்ச் சேர முடியாதவர்கள் குரலில் பதிந்து அனுப்பலாம். நேரலையில் பேச முயல்வதைவிட அது நல்லது. ஊர் இணையம் சரியாக நீங்கள் "அம்மப்பா" என்று தொடங்கும் இடத்தில்தான் நின்றுபோகும்.

எப்படியும் இன்னொரு வாய்ப்பு இருக்கிறது. 31ஆம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வீட்டில் கல்வெட்டு என்ற நினைவுப் புத்தகம் அடிப்பார்கள். முந்திப் பாட்டாகவே இருக்கும்: பிறந்த ஊர், குலம், மனையாள், மக்கள், பிறகு திதி வெண்பா. இப்போது தேவார திருவாசகத்தோடு படமும் கட்டுரையும் சேர்ந்த நினைவு மலர். 2005இல் தொடங்கிய நூலகம் இணையத்தளத்தில் இப்படி எத்தனையோ நினைவு மலர்கள் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அவருடைய ஊர்க்காரர், கூடப் படித்தவர் யாருடையதாவது இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள், உங்கள் அம்மப்பாவின் பெயர் எதிர்பாராத பக்கத்தில் கிடைக்கலாம். பந்தலில் சொல்லாமல் விட்டதை நான் கல்வெட்டில்தான் எழுதினேன், கொப்பியின் ஒரு பக்கத்தைப் படம் பிடித்துப் போட்டு. அச்சகத்துக்குக் கொடுக்கும் நாளைக் கேட்டு, அதற்கு நாலு நாள் முன்பே எழுதிக் கொடுத்துவிடுங்கள். உங்கள் கட்டுரையில் எழுத்துப்பிழை இருந்தால் பரவாயில்லை. பேரப்பிள்ளைகளின் பெயர்ப் பட்டியலை மட்டும் இரண்டு தடவை பாருங்கள். எங்கள் கல்வெட்டில் விடுபட்ட ஒரு பெயரைப் பற்றி இன்றைக்கும் லண்டனிலிருந்து தொலைபேசி வருகிறது.