மூணாறில் இரண்டு நாள்: அறையில் கோட்டை விட்டால் பயணமே ரோட்டில்தான்

சனிக்கிழமை காலை எட்டு மணிக்குத் தேனி மாவட்டத்துப் போடியின் டீக்கடைகளில் நின்று பார்த்தால் போதும். மதுரை, விருதுநகர், சிவகாசி பக்கத்துக் கார்கள் வரிசையாக நிற்கும். கூரையில் தார்ப்பாய் கட்டிய பெட்டிகள், பின்சீட்டில் பாட்டி, மடியில் பேரன். "அண்ணே, மூணாறு இன்னும் எவ்வளவு தூரம்?" என்று கேட்பார்கள். எழுபது கிலோமீட்டர் என்றதும், "அப்ப ஒன்றரை மணி நேரத்துல போயிரலாம்" என்று கிளம்பிவிடுவார்கள். அங்கே தொடங்கும் தவறு ஞாயிறு இரவு வீடு திரும்பும்வரை தொடரும்.

ஸ்வெட்டர் எடுக்கணும், கேமராவுக்குச் சார்ஜ் போடணும் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும். தெரியாமல் பணமும் நேரமும் போகிற இடங்களை மட்டும் இங்கே பார்க்கலாம்.

கிலோமீட்டரைப் பார்த்து நேரம் போடுவது

மலையில் சராசரி மணிக்கு 25 கிலோமீட்டர். அதற்கு மேல் கணக்குப் போடாதீர்கள். போடியிலிருந்து மூணாறுக்கு மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். நிறுத்தி நிறுத்திப் படம் எடுக்கும் குடும்பம் என்றால் நான்கு. மதுரையிலிருந்து காலை ஐந்தரைக்குக் கிளம்பினால் ஏழரைக்குப் போடி, சாப்பிட்டுவிட்டுப் பன்னிரண்டுக்கு முன் மூணாறு. எட்டு மணிக்குக் கிளம்புகிறவர்கள் சனிக்கிழமை மதிய நெரிசலின் நடுவில் போய் இறங்குவார்கள்.

அறை எந்த ரோட்டில் இருக்கிறது என்று கேட்காமல் பணம் கட்டுவது

இத்தனை வருடத்தில் மாறாத தவறு இது. வாராவாரம் யாராவது ஒரு குடும்பம் இதில் மாட்டுகிறது. எளிதாகத் தவிர்க்கக்கூடியது என்பதால்தான் பார்க்கப் பார்க்க ஆதங்கமாக இருக்கிறது.

முதலில் ஊரின் அமைப்பைப் புரிந்துகொள்ளுங்கள். முதிரப்புழை, நல்லதண்ணி, குண்டளை என மூன்று ஆறுகள் சேரும் இடம் மூணாறு. டவுன் மிகச் சிறியது. அதிலிருந்து முக்கியமாக நான்கு ரோடுகள் பிரிகின்றன. கிழக்கே போடி ரோடு: தேவிகுளம், கேப் ரோடு, சின்னக்கானல், ஆனையிறங்கல், பூப்பாறை, போடிமெட்டு. மாட்டுப்பட்டி ரோடு: மாட்டுப்பட்டி அணை, எக்கோ பாயிண்ட், குண்டளை அணை, டாப் ஸ்டேஷன், அதைத் தாண்டி வட்டவடை. உடுமலை ரோடு: ராஜமலை, மறையூர், சின்னாறு. மேற்கே அடிமாலி ரோடு: பள்ளிவாசல், சித்திரபுரம், ஆனச்சால், அடிமாலி. ஒரு ரோட்டிலிருந்து இன்னொரு ரோட்டுக்குப் போக வேண்டுமென்றால் பெரும்பாலும் டவுனுக்குள் நுழைந்துதான் போக வேண்டும். சீசன் சனிக்கிழமையில் அந்த டவுனைத் தாண்டவே ஒரு மணி நேரம் போய்விடும்.

இந்த நான்கு ரோட்டிலும் இருக்கும் அத்தனை விடுதிகளும் ஆப்பில் "மூணாறு" என்றுதான் வரும். சின்னக்கானல் டவுனிலிருந்து ஏறக்குறைய 20 கிலோமீட்டர், ஆனச்சால் சுமார் 15, அடிமாலி 30, மறையூர் 40. எல்லாம் மூணாறுதான். "டவுனிலிருந்து 7 கிலோமீட்டர்" என்று போட்டிருப்பதையும் நம்ப முடியாது. பல ஆப்களில் அது பறவை பறக்கும் தூரம். மலையில் ரோடு சுற்றிச் சுற்றிப் போவதால் ஏழு என்பது பதினான்காகிவிடும்.

போன சீசனில் விருதுநகர் பக்கத்துக் குடும்பம் ஒன்று, பெரியவர்கள் இருவரோடு ஏழு பேர். படத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்தபடி பால்கனி, விலையும் குறைவு. மாலை ஐந்தரைக்கு மூணாறு டவுனில் நின்றுகொண்டு விடுதிக்குப் போன் செய்தார்கள். "வந்துட்டீங்க சார், இன்னும் பதினெட்டு கிலோமீட்டர்தான்" என்று பதில். நெரிசலில் ஊர்ந்து, ஆனச்சாலைத் தாண்டி, ஒரு மண் ரோட்டு முனைக்குப் போய்ச் சேரும்போது ஏழே முக்கால். "இதுக்கு மேல கார் வராது சார், ஜீப் அனுப்புறோம்." ஜீப்புக்குத் தனிக் காசு, காலையில் இறங்கவும் தனிக் காசு. ஜீப் நின்ற இடத்திலிருந்து அறைக்கு அறுபதுக்கும் மேல் படி, மூட்டுவலிக்காரப் பாட்டி நடுவில் இரண்டு இடத்தில் உட்கார்ந்துதான் ஏறினார். சாப்பாடு முன்கூட்டியே சொல்லவில்லை, கிச்சனைச் சாத்திவிட்டார்கள். குழந்தைக்குப் பிஸ்கட். மறுநாள் டாப் ஸ்டேஷன் திட்டம் கைவிடப்பட்டது. மாட்டுப்பட்டி அணையை மட்டும் காரிலிருந்தே பார்த்துவிட்டுப் போடி இறங்கினார்கள்.

அறையில் மிச்சமான ஆயிரம் ரூபாய் ஜீப்பிலும் பெட்ரோலிலும் போனது. அதைவிட, இரண்டு நாளில் ஒரு நாள் போனதுதான் நஷ்டம். கணக்கைப் பாருங்கள்: ஆனச்சாலிலிருந்து டவுன் 15, டவுனிலிருந்து டாப் ஸ்டேஷன் 32. போய்வர 94 கிலோமீட்டர். நெரிசலே இல்லாவிட்டாலும் நான்கு மணி நேரம் கார் சீட்டில்.

அதனால் அறையைப் பார்க்கும் முன் எந்த ரோடு என்று முடிவெடுங்கள். போடி வழியாக ஏறுகிறவர்களுக்கு இரண்டு வழிதான் சரி. பாட்டி, தாத்தா, கைக்குழந்தையோடு போனால் டவுனிலோ தேவிகுளத்திலோ அறை. தேவிகுளம் டவுனுக்கு ஏழெட்டு கிலோமீட்டர் முன்னாலேயே வந்துவிடும், கடைசி நெரிசலில் சிக்க வேண்டாம். டவுன் கூட்டம் வேண்டாம், தேயிலைத் தோட்டத்தில் சும்மா உட்கார்ந்திருந்தால் போதும் என்றால் சின்னக்கானல். ஆனால் சின்னக்கானலில் தங்கிக்கொண்டு டாப் ஸ்டேஷனையும் ராஜமலையையும் பட்டியலில் சேர்க்காதீர்கள். கேப் ரோடு, ஆனையிறங்கல் அணை, சூரியநெல்லியிலிருந்து ஜீப்பில் கொழுக்குமலை என்று அந்தப் பக்கத்தோடு நிறுத்திக்கொண்டால் இரண்டு நாளும் நிறையும். கொழுக்குமலை தேனி மாவட்டத்தில் இருந்தாலும் வண்டி போகும் வழி கேரளத்துச் சூரியநெல்லிதான். சூரிய உதயம் பார்க்க விடியற்காலை நான்கு மணிவாக்கில் ஜீப் கிளம்பும். முதுகுவலி உள்ளவர்களை அந்த ஜீப்பில் ஏற்றவே கூடாது.

பணம் கட்டும் முன் விடுதிக்கே போன் போட்டு இவற்றைக் கேளுங்கள். பக்கத்து ஜங்ஷன் பெயர் என்ன? எங்கள் கார் வாசல்வரை வருமா, கடைசி ஒரு கிலோமீட்டர் தார் ரோடா, மண் ரோடா? வராது என்றால் ஜீப்புக்கு எவ்வளவு, யார் கொடுப்பது? கார் நிற்கும் இடத்திலிருந்து அறைக்கு எத்தனை படி? வெந்நீர் எத்தனை மணிவரை? ராத்திரிச் சாப்பாடு எத்தனை மணிக்குள் சொல்ல வேண்டும்? டிரைவர் வைத்துப் போனால் அவருக்குப் படுக்க இடம் உண்டா? கடைசிக் கேள்வியைப் பலர் விட்டுவிடுகிறார்கள். மூணாறுக் குளிரில் காருக்குள் தூங்கி எழுந்த டிரைவர்தான் மறுநாள் உங்கள் பிள்ளைகளை வைத்து மலை இறங்கப் போகிறார்.

அப்புறம் வாட்ஸ்அப்பில் லொக்கேஷன் வாங்கி, மூணாறு பஸ் ஸ்டாண்டிலிருந்து அந்தப் புள்ளிக்கு ரோட்டு வழி எத்தனை நிமிடம் என்று சனிக்கிழமை மாலை ஆறு மணி வாக்கில் மேப்பில் பாருங்கள். புதன்கிழமை மதியம் பார்த்தால் வேறு கணக்கு காட்டும்.

செக்-இன் நேரத்தையும் எழுதி வாங்குங்கள். மதியம் இரண்டு மணி என்றால் இரண்டு மணிதான். ராத்திரி முழுக்க ஓட்டி விடியற்காலை போய் நின்றால் வரவேற்பறை சோபாவில்தான் உட்கார வேண்டும்.

டாப் ஸ்டேஷனை மதியத்துக்கு வைப்பது

பதினொரு மணிக்கு மேல் மஞ்சு, அதாவது மூடுபனி, ஏறிவிட்டால் எதிரே வெள்ளைத் துணி கட்டியதுபோல்தான் இருக்கும். கீழே குரங்கணிப் பள்ளத்தாக்கு தெரிய வேண்டுமென்றால் காலை ஏழுக்கு டவுனை விட்டுக் கிளம்புங்கள். நேராக டாப் ஸ்டேஷன், திரும்பும்போது குண்டளை, எக்கோ பாயிண்ட், மாட்டுப்பட்டி. போகும்போதே ஒவ்வொன்றாக நிறுத்திக்கொண்டு போகிறவர்கள் மஞ்சைப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள்.

ராஜமலைக்கு டிக்கெட் இல்லாமல் போவது

ராஜமலை இருக்கும் இரவிகுளம் தேசியப் பூங்காவுக்குள் சொந்த வண்டி போகாது. வனத்துறை பஸ்ஸில்தான் மேலே போக வேண்டும். ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று கணக்கு உண்டு, ஆன்லைனில் நேரம் குறித்து எடுத்துவிடுங்கள். வரையாடு குட்டி போடும் காலம் என்பதால் வழக்கமாகப் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் மூடிவிடுவார்கள். அந்த இரண்டு மாதத்தில் ஆன்லைனில் தேதியே காட்டாவிட்டால் காரணம் அதுதான். குறிஞ்சி பூத்திருக்குமா என்று கேட்பவர்களுக்கு: கடைசியாக 2018, அடுத்தது 2030.

இ-பாஸ்

ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் 2024 மே 7 முதல் கேட்கிறார்கள். மூணாறுக்கு இல்லை.

வாடகை வண்டிக்கு பெர்மிட் பார்க்காதது

மஞ்சள் போர்டு வண்டி என்றால் கேரளத்துக்குள் நுழையத் தேவையான பெர்மிட், வரி எல்லாம் கட்டியாகிவிட்டதா என்று முதல் நாளே டிரைவரிடம் ரசீதைக் கேட்டு வாங்கிப் பாருங்கள். "போடிமெட்டுல பாத்துக்கலாம் சார்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சொந்தக்காரரின் வெள்ளை போர்டு வண்டியை வாடகைக்கு எடுப்பது அதைவிட மோசம். பிடித்தால் அபராதம், விபத்து என்றால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும்.

பெட்ரோல்

போடியிலேயே நிரப்புங்கள். கேரளத்தில் விலை கூடுதல்.

பரோட்டா சாப்பிட்டுவிட்டு மெட்டு ஏறுவது

போடிமெட்டு ரோட்டில் 17 கொண்டை ஊசி வளைவுகள். எண்ணெய்ப் பண்டம், பால், வயிறு முட்ட எதுவுமே குழந்தைக்கு வேண்டாம். இரண்டு இட்லி, கொஞ்சம் தண்ணீர், அவ்வளவுதான். வெறும் வயிறும் கூடாது, அப்போதும் குமட்டும். வாந்தி மாத்திரை டாக்டர் சொன்ன அளவில், போடியை விடும் முன்னாலேயே உள்ளே போயிருக்க வேண்டும். ஆறாவது வளைவில் முகம் வெளுத்தபிறகு கொடுத்தால் மாத்திரையும் சேர்ந்து வெளியே வரும். குழந்தை கையில் செல்போன் கொடுக்காதீர்கள். கண் திரையில் நிற்க, உடம்பு வளைவில் சாய, அந்த முரண்தான் குமட்டலைக் கிளப்புகிறது. ஜன்னலைத் திறந்து தூரத்து மலையைப் பார்க்கச் சொல்லுங்கள்.

மழைக்காலத்தில் ரூட் விசாரிக்காமல் கிளம்புவது

ஜூன் முதல் செப்டம்பர் வரை கேப் ரோட்டில் பாறை உருளும். அக்டோபர், நவம்பரில் நம் பக்கத்து மெட்டு ரோட்டில் மண் சரியும். இடுக்கி கலெக்டர் இரவுப் போக்குவரத்தை நிறுத்திவிடுவது உண்டு. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் சரிந்த மலை எழுபது பேரைக் கொண்டுபோனது, பெரும்பாலும் தோட்டத்துத் தமிழ்க் குடும்பங்கள். அந்த மலையின் மழையைச் சாதாரணமாக எண்ண வேண்டாம். கிளம்பும் அன்று காலை பூப்பாறையிலிருந்து இறங்கி வரும் ஏலக்காய் ஜீப் டிரைவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள், எந்த ஆப்பையும்விடச் சரியாகச் சொல்வார்.

யானையைக் கண்டதும் இறங்குவது

சின்னக்கானல், ஆனையிறங்கல், மாட்டுப்பட்டி எல்லாம் யானை நடமாடும் இடம். ஹாரன் வேண்டாம், பிளாஷ் வேண்டாம், இறங்கவே வேண்டாம். தூரத்தில் நிறுத்தி, எஞ்சினை அணைக்காமல், அது கடந்து போகும்வரை காத்திருங்கள். இருட்டியபிறகு அந்த ரோட்டில் பயணமே வைக்காதீர்கள்.

நியூட்ரலில் மலை இறங்குவது

ஞாயிறு மாலை போடிமெட்டிலிருந்து இறங்கும்போது நடப்பது. பெட்ரோல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு பிரேக்கிலேயே வருகிறார்கள். மிச்சமே கிடையாது. இப்போதைய கார்களில் கியரில் இறங்கினால் எஞ்சினுக்குப் போகும் பெட்ரோல் தானாகவே நின்றுவிடும். நியூட்ரலில்தான் எஞ்சின் ஓடக் கொஞ்சம் செலவாகிக்கொண்டே இருக்கும். சாவியை அணைத்துவிட்டால் ஆபத்து இன்னும் பெரிது. பிரேக் பூஸ்டருக்கு வேக்குவம் போய்விடும், இரண்டு மூன்று மிதிக்கு மேல் பெடல் கல்லாகிவிடும், ஸ்டியரிங்கும் இறுகும்.

போடிமெட்டிலிருந்து போடிக்குள் ஆயிரம் மீட்டர் உயரம் இறங்குகிறோம். எந்த கியரில் அந்த வளைவு ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பெரும்பாலும் இரண்டு. ஆட்டோமேட்டிக் வண்டி என்றால் எல் அல்லது மேனுவல் மோடு. பிரேக்கை அழுத்திப் பிடித்தபடியே வராமல், விட்டு விட்டு மிதியுங்கள். எதிரே ஏறி வரும் வண்டிக்கு முதல் வழி.

டயர் பக்கம் எரிந்த நாற்றம் வந்தால், அல்லது பெடல் வழக்கத்தைவிட உள்ளே போனால், பிரேக் சூடேறிவிட்டது என்று அர்த்தம். வளைவில் இல்லாமல் அகலமான இடம் பார்த்து நிறுத்தி, கியரில் போட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். பாட்டில் தண்ணீரை எடுத்துச் சக்கரத்தில் ஊற்றாதீர்கள், சூட்டில் இருக்கும் டிஸ்க் கோணிவிடும், வெடித்தும் போகலாம். அரை மணி நேரம் ஆறவிட்டு, கிளம்பும் முன் பெடலை மிதித்துப் பாருங்கள். பழைய இறுக்கம் வந்திருந்தால் முதல் கியரில் மெல்ல இறங்குங்கள். வரவில்லை என்றால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, போடியிலிருந்து மெக்கானிக்கை வரச் சொல்லுங்கள்.