கைத்தவறையும் கெடுநோக்கையும் குழப்பிக்கொள்ளாதிருக்க

நேர்ந்த சேதம் பெரிதென்றால் செய்தவரின் எண்ணமும் கெட்டதாகத்தான் இருந்திருக்கும் என்று முடிவுகட்டுவதே, பிறர் செயலை எடைபோடும்போது நாம் செய்யும் முதல் தவறு. மெய்யியலாளர் ஜோஷுவா நோப் 2003இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு நிறுவனத் தலைவரின் கதை வருகிறது. சுற்றுச்சூழலைப் பற்றித் தமக்குக் கவலையில்லை, இலாபமே குறி என்று சொல்லி அவர் ஒரு திட்டத்தைத் தொடங்குகிறார். அதனால் சூழல் கெட்டது என்று முடியும் கதையைக் கேட்டவர்களில் 82 விழுக்காட்டினர், அவர் வேண்டுமென்றே கெடுத்தார் என்றனர். சூழலுக்கு நன்மை விளைந்தது என்று முடியும் கதையைக் கேட்டவர்களில் 23 விழுக்காட்டினர் மட்டுமே அதை வேண்டுமென்றே செய்ததாகக் கருதினர். இரண்டிலும் தலைவரின் மனம் ஒன்றுதான்.

மூளையில் நீதி வழங்குவதற்கென்றே ஒரு பகுதி இருப்பதாக நம்புவது அடுத்த தவறு. இப்படி ஒரு கதையை எண்ணிப்பாருங்கள்: தோழியின் காபியில் ஒருத்தி வெள்ளைப் பொடியைப் போடுகிறாள். நஞ்சு என்று நினைத்தே போடுகிறாள், ஆனால் அது வெறும் சர்க்கரை, தோழிக்கு ஒன்றும் ஆகவில்லை. லியான் யங், ரெபெக்கா சாக்ஸ் முதலியோர் 2010இல் வெளியிட்ட ஆய்வில், வலக் காதுக்கு மேலே சற்றுப் பின்னால் உள்ள பகுதியின் இயக்கத்தைக் காந்தத் துடிப்புகளால் சற்றுக் குலைத்தபோது, இத்தகைய பலிக்காத கெடுமுயற்சிகளை மக்கள் முன்னைவிட மன்னிக்கத்தக்கவையாகக் கருதினர். அப்பகுதி பிறர் மனத்தில் இருப்பதை ஊகிக்க உதவுவது. தீர்ப்புக்கு வேண்டிய ஒரு சான்றைத் தருகிறதே ஒழிய, தீர்ப்பைத் தானே எழுதுவதில்லை.

விபத்தின் கோரமான காணொளியை முதலில் பார்த்துவிட்டு, பிறகு நோக்கத்தை ஆராய்வதையும் நான் தவறென்றே சொல்வேன். காயங்களை விரிவாக வருணித்தால் மக்கள் கூடுதல் தண்டனை கேட்பதும், கேடு தற்செயலானது என்று தெரிந்தால் அவ்வருணனை அப்படித் தூண்டாததும் 2014இல் வெளியான ஒரு மூளைப்படிம ஆய்வில் தெரியவந்தன. நோக்கத்தைத் தவறாக ஊகித்துவிட்டால், பிறகு பார்க்கும் ஒவ்வொரு படமும் ஆத்திரத்துக்கு எண்ணெய் வார்க்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறு உண்டு: ‘தெரியாமல் நடந்துவிட்டது’ என்றதும் விசாரணையை அங்கேயே முடித்துவிடுவது. கைப்பேசியைப் பார்த்தபடி வண்டி ஓட்டி ஒருவரை மோதியவருக்குக் கொல்லும் எண்ணம் இல்லைதான்; ஆனால் என்ன நேரக்கூடும் என்பதை அவர் அறிந்திருக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள இந்தியக் குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதைக் கொலையிலிருந்து பிரித்து, 106ஆம் பிரிவில் தனிக் குற்றமாகவே வைத்திருக்கிறது.