நம் ஊரில் புகைப்போர் எத்தனை பேர்? கணக்கெடுக்கும் முறை

மேலூர்ப் பக்கமோ உசிலம்பட்டிப் பக்கமோ, தம் கிராமத்தில் புகைப் பழக்கத்தைக் குறைக்க நினைப்பவர்கள் முதலில் அந்த ஊரின் கணக்கைக் கையில் எடுக்க வேண்டும். 2016–17இல் நாடு முழுவதும் நடந்த புகையிலைக் கணக்கெடுப்பின்படி, 15 வயது நிரம்பியோரில் 10.7 விழுக்காட்டினர் புகைத்தார்கள். ஆண்களில் மட்டும் அது 19 விழுக்காடு. ஆகவே ஆண், பெண் கணக்கைத் தனித்தனியே எழுதுங்கள். சராசரியை மட்டும் சொன்னால் நிலைமை பாதியாகக் குறைந்து தெரியும்.

எல்லா வீடுகளுக்கும் போக முடியாவிட்டால் தெரு வரிசையில் ஐந்துக்கு ஒரு வீடு என்று எடுக்கலாம். வீடு பூட்டியிருந்தால் பக்கத்து வீட்டில் கேட்டு நிரப்பிவிடக் கூடாது. பகலில் பூட்டிக் கிடப்பவை பெரும்பாலும் கூலி வேலைக்குப் போவோரின் வீடுகள் என்பதால், அவற்றை விட்டால் கணக்கே ஒருபக்கமாகச் சாய்ந்துவிடும். பொழுது சாய்ந்தபின் மறுபடி போங்கள்.

கேள்வியில்தான் மிகுந்த கவனம் வேண்டும். “புகைப் பழக்கம் உண்டா?” என்று கேட்காமல், “பீடி, சிகரெட், சுருட்டு இவற்றில் எதையாவது தினமும் குடிக்கிறீர்களா, எப்போதாவதா, அறவே இல்லையா?” என்று கேளுங்கள். மேலூர்ப் பக்கத்தில் திண்ணையில் அமர்ந்திருந்த பெரியவர் ஒருவர், “அதெல்லாம் விட்டாச்சு தம்பி” என்றார். அவர் காதிடுக்கில் அணைந்த பாதிப் பீடி இருந்தது. “கடைசியா எப்பக் குடிச்சீங்க ஐயா?” என்று கேட்டதும், “காலையில டீயோட ஒண்ணு” என்றார். அவர் பொய் சொல்லவில்லை. நாளுக்கு ஒரு கட்டு குடித்தவர் ஒன்றிரண்டாகக் குறைத்திருந்தார், அவருக்கு அது விட்டதுதான். ஆகவே கடைசியாகக் குடித்த நாளை எல்லோரிடமும் கேட்டு எழுதுங்கள். இளைஞர்களிடம் அப்பா முன்னால் கேட்காதீர்கள். தாளில் பெயர் வேண்டாம். வயது, பாலினம், பதில் போதும்.

120 ஆண்களைக் கேட்டு 30 பேர் புகைப்பதாகச் சொன்னால் விகிதம் 25 விழுக்காடு. அந்த எண்ணைக் கிராம சபையில் வையுங்கள். பள்ளியிலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்பதையும், 18 வயதுக்குட்பட்டோருக்கு விற்பதையும் 2003ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்கிறது. பொது இடத்தில் புகைத்தால் 200 ரூபாய் வரை அபராதம் உண்டு. ஆனாலும் அபராதத்தில் தொடங்குவது சரியல்ல என்பதே என் கருத்து. பெட்டிக்கடையில் பீடி பற்றவைக்கத் தொங்கும் கயிற்று நெருப்பை எடுத்துவிடும்படி கடைக்காரரிடம் பேசுவது, விட விரும்புவோருக்கு 1800-11-2356 என்ற இலவச ஆலோசனை எண்ணை எழுதிக் கொடுப்பது ஆகியவை முதலில் நடக்கட்டும். புகைப்போருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு அதிகம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் உள்ளவரைக் கணக்கெடுப்பில் கண்டால், அவர் சம்மதத்துடன் அன்றே கிராமச் செவிலியரிடம் சொல்லிச் சளிப் பரிசோதனைக்கு அனுப்புங்கள்.

அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே கேள்வியை ஒரு சொல்லும் மாற்றாமல் கேளுங்கள். திருவிழா மாதத்துக் கணக்கை அறுவடை மாதத்துக் கணக்கோடு ஒப்பிட வேண்டாம்.