மூலையில் 3.12, ஓடுவது 3.8: வி.எஸ். கோடில் சரியான பைத்தானைப் பூட்டுவது எப்படி?

சனி, ஞாயிறு காலையில் எங்கள் வீட்டு மாடியில் ஏழு பேருக்குப் பைத்தான் என்னும் நிரல்மொழி சொல்லித் தருகிறேன். புரோகிராம் எழுதுவது வி.எஸ். கோட் என்னும் எடிட்டரில். ஏழு பேர், ஏழு லேப்டாப். பாதிப் பேர் அண்ணன், அக்கா படித்து முடித்துக் கொடுத்ததை வைத்திருக்கிறார்கள். அதில் ஏற்கெனவே எத்தனை பைத்தான் ஏற்றியிருக்கிறது என்பது அவர்களுக்கே தெரியாது.

போன மாதம் மேட்ச்-கேஸ் பாடம், அதாவது கொடுத்த மதிப்பு எதுவோ அதற்கேற்ற வரியை ஓட்டும் கட்டளை. டவுன் பஸ், எக்ஸ்பிரஸ், டீலக்ஸ் என்று பஸ்ஸின் வகையைக் கொடுத்தால் கட்டணம் சொல்லும் சின்ன புரோகிராம். ஆறு பேருக்கு ஓடியது. பி.எஸ்ஸி. இரண்டாம் ஆண்டு படிக்கும் ஒரு பெண்ணுக்கு மட்டும் மேட்ச் என்று ஆரம்பிக்கும் வரியிலேயே ‘இன்வேலிட் சின்டாக்ஸ்’, அதாவது இலக்கணப் பிழை என்று எர்ரர். எழுத்து எழுத்தாகப் பார்த்தோம், ஒரு தப்பும் இல்லை. “கீழே 3.12னுதான் காட்டுது, பின்ன ஏன்க்கா எர்ரர் வருது?” என்றாள். எடிட்டரின் கீழ் மூலையில் தெரியும் பைத்தான் பதிப்பு எண்ணைத்தான் சொன்னாள். அவள் கேட்டது நியாயம். மேட்ச் 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலேயே வந்துவிட்டது. 3.12 உண்மையிலேயே ஓடியிருந்தால் அந்த எர்ரர் வரவே முடியாது.

புரோகிராமின் தலையில் மூன்று வரி சேர்க்கச் சொன்னேன். கட்டளைகளையெல்லாம் இங்கே உச்சரிப்புப்படி எழுதுகிறேன், நீங்கள் அடிக்கும்போது ஆங்கில எழுத்தில் அடியுங்கள்.

இம்போர்ட் சிஸ்
பிரிண்ட்(சிஸ்.எக்ஸிக்யூட்டபிள்)
பிரிண்ட்(சிஸ்.வெர்ஷன்)

ஒரு சிக்கல்: அதே ஃபைலில் மேட்ச் இருந்ததால் இந்த வரிகளும் ஓடவில்லை. பைத்தான் முதலில் ஃபைல் முழுவதையும் படித்து இலக்கணம் பார்க்கும், அதற்குப் பிறகுதான் முதல் வரியை ஓட்டும். எனவே தனி ஃபைலாகப் போட்டு ஓட்டினோம். வந்த பதில் 3.8. வேறு ஏதோ கோர்ஸுக்காக அவள் அண்ணன் ஏற்றிய பழைய பைத்தான் அது.

இந்த மூன்று வரி ஃபைலை எல்லாரும் கையோடு வைத்துக்கொள்ளுங்கள். எடிட்டர் எதை வேண்டுமானாலும் காட்டட்டும், எந்த பைத்தான் தன்னை ஓட்டுகிறது என்று ஓடுகிற புரோகிராமிடமே கேட்பதுதான் சரியான பதில்.

வி.எஸ். கோடில் பைத்தானைத் தேர்ந்தெடுக்கும் இடம் ஒன்றல்ல, மூன்று. கீழே வலது மூலையில் தெரியும் எண் ஒன்று. கட்டளைகளை அடிக்கும் பகுதியான டெர்மினலில் பைத்தான் என்று அடித்தால் எழுந்து வருவது இரண்டாவது. மேலே உள்ள முக்கோண பட்டனை அழுத்தினால் ஓடுவது மூன்றாவது. மூன்றும் ஒன்றாக இருந்துவிட்டால் பிரச்சினையே இல்லை. அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் முதலாவது 3.12, மற்ற இரண்டும் 3.8.

முதலில் என்னென்ன பைத்தான் இருக்கிறது என்று கணக்கெடுங்கள். விண்டோஸில் டெர்மினலைத் திறந்து பி, ஒய் என்ற இரண்டு எழுத்தை அடித்து, இடைவெளி விட்டு, மைனஸ் சைபர் போடுங்கள். இருக்கிற பதிப்புகளெல்லாம் பட்டியலாக வரும். அப்புறம் ‘பைத்தான் --வெர்ஷன்’ அடித்துப் பாருங்கள். இரண்டும் வேறு வேறு பதில் சொன்னால் பயப்பட வேண்டாம். பி-ஒய் என்பது லாஞ்சர், அதாவது பைத்தானைக் கிளப்பிவிடும் கருவி, வேறு எதுவும் சொல்லாவிட்டால் இருப்பதில் புதியதை எடுக்கும். பைத்தான் என்று முழுதாக அடித்தால், புரோகிராம்களைக் கணினி எங்கெங்கே தேட வேண்டும் என்று சொல்லும் பாத் என்னும் பட்டியலில் எது முன்னால் நிற்கிறதோ அது வரும். 3.12 ஏற்றும்போது முதல் திரையின் அடியில் பாத்தில் சேர்க்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் போடாமல் விட்டால், பழையதே முன்னால் நிற்கும். அந்தப் பெண்ணின் லேப்டாப்பில் நடந்ததும் அதுதான்.

பாத்தைத் திருத்தலாமே என்று தோன்றும். நான் அதைச் சொல்லித் தருவதில்லை. அண்ணனின் பழைய புரோகிராம் ஏதாவது அந்த 3.8ஐ நம்பி இருக்கலாம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு ஃபோல்டர், அந்த ஃபோல்டருக்குள் அதற்கென்று ஒரு பைத்தான். இதுதான் என் வழி.

ஃபைல் மெனுவில் ‘ஓப்பன் ஃபோல்டர்’ கொடுத்து வேலை செய்யும் ஃபோல்டரையே திறங்கள். நிறையப் பேர் ஒற்றை ஃபைலை மட்டும் இழுத்துப் போட்டுத் திறக்கிறார்கள். எடிட்டர் உங்கள் தேர்வை ஃபோல்டருக்கு ஃபோல்டர்தான் நினைவில் வைத்துக்கொள்ளும், ஃபோல்டரே இல்லாவிட்டால் அது பாவம் என்ன செய்யும்? அடுத்து டெர்மினலில் இப்படி:

பிஒய் -3.12 -எம் வென்வ் .வென்வ்

வென்வ் என்பது வீ, ஈ, என், வீ என்ற நான்கு எழுத்து. சில நொடியில் புள்ளி வென்வ் என்று ஒரு ஃபோல்டர் முளைக்கும். அதைத் திறந்து பாருங்கள், பைவென்வ்.சிஎஃப்ஜி என்று ஒரு குட்டி ஃபைல் இருக்கும். நோட்பேடிலேயே திறக்கலாம். எந்தப் பதிப்பு, அது கணினியில் எங்கே இருக்கிறது என்று இரண்டு வரியில் எழுதியிருக்கும். என் பிள்ளைகளை இதைத் திறக்க வைக்காமல் நான் அடுத்த படிக்குப் போவதில்லை. வென்வ் மந்திரம் இல்லை, ஒரு குறிப்பிட்ட பைத்தானைக் கைகாட்டும் ஃபோல்டர் என்பது அதைப் பார்த்ததும் புரிந்துவிடும்.

இப்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். மேலே திறக்கும் கட்டத்தில் ‘பைத்தான்: செலக்ட் இண்டர்பிரட்டர்’ என்று அடிக்க ஆரம்பித்தாலே வந்துவிடும். இண்டர்பிரட்டர் என்றால் நம் புரோகிராமை ஓட்டும் பைத்தான்தான். பட்டியலில் புள்ளி வென்வ் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். பட்டியலில் இல்லையென்றால் பாதையை நாமே கொடுக்கும் வரி அங்கேயே இருக்கும், அதில் வென்வ் ஃபோல்டருக்குள் ஸ்கிரிப்ட்ஸ், அதற்குள் பைத்தான்.எக்ஸ்இ என்று காட்டுங்கள். மூலையில் எண் மாறும். அந்த எண் பைத்தான் ஃபைல் ஒன்று திறந்திருந்தால்தான் தெரியும். எடிட்டரோடு சேர்க்கும் துணைக்கருவியான மைக்ரோசாஃப்டின் பைத்தான் எக்ஸ்டென்ஷனும் இருக்க வேண்டும்.

முதலாவது இடம் முடிந்தது. இரண்டாவது டெர்மினல். ஏற்கெனவே திறந்திருக்கும் டெர்மினலுக்கு உங்கள் புதுத் தேர்வு தெரியாது. குப்பைத்தொட்டிப் படத்தை அழுத்தி அதை மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறங்கள். வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வென்வ் என்று தெரிந்தால் சரி. உங்கள் டெர்மினல் பவர்ஷெல் என்னும் வகையாக இருந்தால், ஸ்கிரிப்ட் ஓட்ட அனுமதி இல்லை என்று சிவப்பில் நீளமாக ஏதாவது வரலாம். சொந்த லேப்டாப் என்றால் ‘செட்-எக்ஸிக்யூஷன்பாலிசி ரிமோட்சைன்ட் -ஸ்கோப் கரண்ட்யூசர்’ என்று ஒருமுறை அடித்தால் போதும், அட்மின் உரிமைகூட வேண்டாம். கல்லூரி லேப் கணினி என்றால் அதில் கை வைக்காதீர்கள். ‘டெர்மினல்: செலக்ட் டிஃபால்ட் ப்ரொஃபைல்’ போய் கமாண்ட் ப்ராம்ப்டுக்கு மாற்றிக்கொள்ளுங்கள்.

மூன்றாவதுதான் அந்தப் பெண்ணின் காலை வாரியது. கோட் ரன்னர் என்று ஒரு எக்ஸ்டென்ஷன் இருக்கிறது. பல மொழிகளுக்கு உதவும் நல்ல கருவிதான். ஆனால் இயல்பான அமைப்பில், நீங்கள் எடிட்டரில் தேர்ந்தெடுத்த பைத்தானை அது பார்க்காது, ‘பைத்தான் -யு’ என்று பாத்தில் இருப்பதையே கூப்பிடும். இரண்டு எக்ஸ்டென்ஷனும் ஒரே முக்கோணத்தின் கீழ் உட்கார்ந்திருப்பதால் எது ஓடுகிறது என்று தெரிவதில்லை. அடையாளம் எளிது. விடை டெர்மினல் பகுதியில் வராமல் அவுட்புட் என்ற பகுதியில் வந்து, முதல் வரியில் சதுர அடைப்புக்குறிக்குள் ‘ரன்னிங்’ என்றிருந்தால் ஓடியது கோட் ரன்னர். முக்கோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன அம்புக்குறியை அழுத்தி, ‘ரன் கோட்’ என்பதை விட்டுவிட்டு ‘ரன் பைத்தான் ஃபைல்’ என்பதைத் தேர்ந்தெடுங்கள். பைத்தான் மட்டும்தான் எழுதுகிறீர்கள் என்றால் கோட் ரன்னரை டிஸேபிள் செய்துவிடுங்கள் என்பேன். அவள் அதைச் செய்ததும் டீலக்ஸ் கட்டணம் முதல் தடவையிலேயே வந்தது.

இணையத்தில் தேடினால் எடிட்டரின் அமைப்புகள் இருக்கும் செட்டிங்ஸ்.ஜேசன் ஃபைலில் ‘டிஃபால்ட்இண்டர்பிரட்டர்பாத்’ எழுதச் சொல்வார்கள். தவறில்லை. ஆனால் அந்த ஃபோல்டருக்கு நீங்கள் ஏற்கெனவே ஒன்றைத் தேர்ந்தெடுத்திருந்தால், அதன் பிறகு அந்த வரியை எத்தனை முறை மாற்றினாலும் மூலையில் எண் நகராது. ‘பைத்தான்: கிளியர் வொர்க்ஸ்பேஸ் இண்டர்பிரட்டர் செட்டிங்’ கொடுத்துப் பழைய தேர்வை அழித்த பிறகே அது பலிக்கும். இதில் ஒரு மாலை முழுவதையும் தொலைத்தவர்களை எனக்குத் தெரியும்.

உபுண்டுக்காரர்களுக்கு வழி கொஞ்சம் வேறு. 22.04இல் 3.10, 24.04இல் 3.12 கூடவே வரும். பி-ஒய் கிடையாது, பைத்தான்3 என்று அடிக்க வேண்டும், வென்வ் வேலை செய்ய பைத்தான்3-வென்வ் பொதியை ஏற்ற வேண்டும். கணினியோடு வந்த பைத்தானை நீக்கவோ மாற்றவோ செய்யாதீர்கள், உபுண்டுவின் பல கருவிகள் அதை நம்பித்தான் ஓடுகின்றன. ரொம்பப் பழைய லினக்ஸ் கணினியில், தமிழ் எழுத்து உள்ள ஃபைல் ‘நான்-ஆஸ்கி கேரக்டர்’ என்று சொல்லி நின்றால், ஓடுவது பைத்தான் 2. அதற்கான ஆதரவு 2020 ஜனவரி 1-உடன் முடிந்துவிட்டது.

ஜூபிட்டர் நோட்புக் ஃபைல் (.ஐபிஒய்என்பி என்று முடிவது) எழுதுபவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். அதற்கு மூலையில் உள்ள எண் பொருந்தாது. நோட்புக்கின் மேலே வலதுபக்கம் கர்னல் (நோட்புக்கை ஓட்டும் பைத்தான்) என்று தனியாக இருக்கும், அதையும் இதே வென்வுக்கு மாற்ற வேண்டும்.

அப்புறம் பென்டிரைவ். வீட்டில் ஓடிய ஃபோல்டரை அப்படியே காலேஜுக்குத் தூக்கிப் போனால் ஓடாது, ஏனென்றால் வென்வுக்குள் உங்கள் வீட்டுக் கணினியின் முகவரிகள்தான் எழுதியிருக்கின்றன. கிளம்பும் முன் ‘பைத்தான் -எம் பிப் ஃப்ரீஸ் > ரெக்வயர்மெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி’ என்று அடித்து, ஏற்றியிருக்கும் பொதிகளின் பெயரை எழுதி வையுங்கள். புள்ளி வென்வை விட்டுவிட்டு மற்றதை நகல் எடுங்கள். அங்கே போய்ப் புதிதாக ஒரு வென்வ் உண்டாக்கி, செலக்ட் இண்டர்பிரட்டர் கொடுத்து, புது டெர்மினலில் ‘பைத்தான் -எம் பிப் இன்ஸ்டால் -ஆர் ரெக்வயர்மெண்ட்ஸ்.டிஎக்ஸ்டி’ அடியுங்கள். 3.12இலிருந்து 3.13க்குப் போவதற்கும் இதே வழிதான்: பட்டியலை எழுதிவைத்துவிட்டு வென்வை அழித்துப் புதிதாக உண்டாக்குங்கள். முடிந்ததும் அந்த மூன்று வரி ஃபைலை முக்கோணத்தில் ஒரு தடவையும் டெர்மினலில் ஒரு தடவையும் ஓட்டிப் பாருங்கள். இரண்டு தடவையும் உங்கள் ஃபோல்டருக்குள் இருக்கும் வென்வின் பாதையே வர வேண்டும்.